பேரேட்டில் ஏறாதது தேடினால் கிடைக்காது



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, இளம் மளிகைக் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். "அண்ணாச்சி, செல்போனில் 'ஏலக்காய் விலை' என்று அடித்தால் அரை நொடியில் பக்கம் பக்கமாக வந்து நிற்கிறதே! உலகத்தில் உள்ள அத்தனை பக்கங்களையும் அந்த அரை நொடிக்குள் படித்துவிடுமா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் அது நல்ல கேள்வி. அதற்கு விரிவாகப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூகுள் போன்ற தேடுபொறிகள் நாம் கேட்ட பிறகு உட்கார்ந்து பக்கங்களைப் படிப்பதில்லை. முன்கூட்டியே படித்து, கணக்கு எழுதி வைத்திருக்கின்றன. நாம் கேட்டவுடன் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகின்றன. அந்தப் புத்தகம் எழுதும் முறை நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்திலிருந்து நம் கடை மேசையில் இருக்கிற பேரேடுதான் அது. ஆகவே வணிகர்களாகிய நமக்கு இந்த விஷயம் எளிதாகவே புரியும். பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சிட்டையும் பேரேடும்

நம் கடைகளில் இரண்டு விதப் புத்தகங்கள் உண்டு. ஒன்று சிட்டை. நடந்தது நடந்த வரிசையில் அதில் எழுதப்படும். காலையில் போட்ட முதல் பில், அடுத்த பில், நடுவில் வந்த வரவு, கொடுத்த பற்று என்று தேதிவாரியாக ஓடும். மற்றொன்று பேரேடு. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். சிட்டையில் இருப்பதைக் கணக்கப்பிள்ளை எடுத்து, அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். பேரேட்டின் முன்னால் அகர வரிசையில் பெயர்களும், பெயருக்கு எதிரே பக்க எண்ணும் இருக்கும்.

இரண்டு புத்தகத்திலும் இருப்பது ஒரே விஷயம்தான். வரிசைதான் வேறு. "போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?" என்று கேட்டால் சிட்டை உடனே சொல்லும். "இன்ன பார்ட்டியின் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் சிட்டை விழிக்கும். ஒரு கடையில் நாளைக்கு 200 பில், ஆண்டுக்கு 300 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 பில். ஒரு பில்லைப் பார்க்க 2 நொடி என்றாலும் 1,20,000 நொடி ஆகும். அதாவது தூங்காமல் பார்த்தால் 33 மணி நேரத்துக்கு மேல். பேரேட்டிலோ அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடம் எங்கிருந்து வந்தது? ஆண்டு முழுவதும் கணக்கப்பிள்ளை இரவு விளக்கு வெளிச்சத்தில் குனிந்து எழுதிய உழைப்பிலிருந்து வந்தது. தேடும் நேரத்தில் நமக்கு மிச்சமாவது, எழுதும் நேரத்தில் அவர் செலவழித்தது. தேடுபொறியின் இரகசியம் முழுவதும் இவ்வளவுதான். மற்றவை யாவும் இதன் விரிவே.

இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு பக்கமும் ஒரு பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லுக்குள் சரக்குகள் வரிசையாக இருப்பதுபோல், பக்கத்துக்குள் சொற்கள் வரிசையாக இருக்கின்றன. தேடுபொறி முதலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் என்று நாம் பேரேடு போடுவதுபோல், அது சொல்லுக்கு ஒரு கணக்கு போடுகிறது. அந்தச் சொல் எந்த எந்தப் பக்கத்தில் வந்தது என்ற எண்கள் அதன் கீழே ஏறும். பக்கத்துக்குள் சொற்கள் என்று இருந்ததைச் சொல்லுக்குள் பக்கங்கள் என்று திருப்பிப் போடுவதால் இதைத் தலைகீழ் அட்டவணை என்கிறார்கள். ஒரு சொல்லின் கீழ் ஏறும் பதிவுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் 'போஸ்டிங்'. "போஸ்டிங் போட்டாச்சா?" என்று நாம் கணக்கப்பிள்ளையைக் கேட்கிறோமே, அதே சொல்.

ஐந்து பில்லில் ஒரு பயிற்சி

ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு கூடவே எழுதிப் பாருங்கள். சிட்டையில் ஐந்து பில்கள் இருக்கின்றன.

பில் 1: துவரம் பருப்பு, மிளகு, சீரகம்
பில் 2: துவரம் பருப்பு, சர்க்கரை
பில் 3: மிளகு, ஏலக்காய், சர்க்கரை
பில் 4: சீரகம், மிளகு, சர்க்கரை
பில் 5: துவரம் பருப்பு, ஏலக்காய்

இதைச் சரக்குவாரியாகத் திருப்பிப் போட்டால் இப்படி வரும்.

ஏலக்காய்: 3, 5
சர்க்கரை: 2, 3, 4
சீரகம்: 1, 4
துவரம் பருப்பு: 1, 2, 5
மிளகு: 1, 3, 4

இடது பக்கம் சரக்குப் பெயர்கள் அகர வரிசையில் நிற்கின்றன. வலது பக்கம் பில் எண்கள் ஏறு வரிசையில் நிற்கின்றன. இந்த இரண்டு வரிசையும் மிக முக்கியம். இடது பக்கம் ஒழுங்காக இருந்தால் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க எல்லாச் சொல்லையும் பார்க்க வேண்டாம். நடுவில் திறந்து, முன்னாலா பின்னாலா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிடலாம். மீதியில் மறுபடியும் பாதி. இப்படிப் போனால் 1 கோடியே 40 லட்சம் சொற்கள் இருந்தாலும் 24 தடவைக்குள் வேண்டிய சொல் அகப்பட்டுவிடும். நம்பாதவர்கள் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்ப் பாருங்கள். 24ஆவது தடவையில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும்.

வலது பக்க வரிசையின் பயன் இரண்டு சொல்லைச் சேர்த்துத் தேடும்போது தெரியும். மிளகும் சீரகமும் சேர்ந்து வாங்கியவர்கள் யார்? சீரகத்தின் கணக்கில் ஒரு விரல், மிளகின் கணக்கில் ஒரு விரல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 1 இருக்கிறது, எடுத்து வைப்போம். இரண்டு விரலையும் நகர்த்தினால் சீரகத்தில் 4, மிளகில் 3. சிறிய எண்ணில் உள்ள விரலை மட்டும் நகர்த்துங்கள். மிளகிலும் 4 வந்துவிடும், எடுத்து வைப்போம். விடை 1, 4. எந்த விரலும் பின்னால் போகவே இல்லை. எண்கள் தாறுமாறாக இருந்தால் இது நடக்காது. மூன்று நான்கு சொற்கள் கேட்டால், எந்தச் சொல்லின் கணக்கு மிகக் குட்டையோ அதிலிருந்து தொடங்குவது வழக்கம். குட்டைக் கணக்கில் இல்லாத பக்கம் எப்படியும் விடையில் வரப்போவதில்லை அல்லவா?

இது எப்போது வந்தது?

சொல்லுக்குச் சொல் இடம் குறித்து வைக்கும் வேலை கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முந்தியது. பாரிஸ் நகரில் 1230ஆம் ஆண்டு வாக்கில் செயின்ட் செர் ஊர் ஹியூ என்ற துறவியின் தலைமையில் டொமினிக்கன் சபைத் துறவிகள் இலத்தீன் பைபிளுக்கு இத்தகைய சொல்லடைவு ஒன்றைக் கையாலேயே எழுதி முடித்தார்கள். ஒரு சொல் எந்தப் புத்தகத்தில், எந்த அதிகாரத்தில் வருகிறது என்று அதில் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரில் 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்பவர் ஆர்ச்சி என்ற தேடும் கருவியைச் செய்தார். அது கோப்புகளின் பெயரை மட்டும் தேடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. பில் கட்டின் மேலட்டையை மட்டும் பார்ப்பது போன்றது அது. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா பக்கங்களின் உள்ளே உள்ள சொற்களையும் ஏற்றித் தேடிக் கொடுத்தது. 1998இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவர், தாங்கள் செய்த கூகுள் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அதில் ஏறியிருந்தவை 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள். சொற்பட்டியலில் 1 கோடியே 40 லட்சம் சொற்கள்.

அந்தக் கட்டுரையில் நமக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. சொற்கணக்கை வைக்கும் இடத்துக்கு அவர்கள் பீப்பாய் என்று பெயர் வைத்தார்கள். 64 பீப்பாய்கள். முதலில் பக்கவாரியாகச் சொற்களை அவற்றில் கொட்டி, பிறகு சொல்வாரியாகப் பிரித்து அடுக்கினார்கள். சிட்டையிலிருந்து பேரேடு எழுதுவது என்பது இதுதானே! இன்னொரு யுக்தியும் செய்தார்கள். தலைப்பில் உள்ள சொற்களுக்கும், பிறர் அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டும்போது சொன்ன சொற்களுக்கும் தனியாகச் சிறு பீப்பாய் வைத்தார்கள். கேள்வி வந்தால் முதலில் சிறு பீப்பாய். போதிய விடை கிடைக்காவிட்டால்தான் பெரிய பீப்பாய். அடிக்கடி கேட்கும் சரக்கைக் கல்லாவுக்குப் பக்கத்தில் டின்னில் வைத்துக்கொண்டு, மீதியைக் கிட்டங்கியில் போடுகிற நம் வழக்கமே இது.

சொல் நின்ற இடம்

ஒரு சொல் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது. ஒருவர் 'கடுகு எண்ணெய்' என்று தேடுகிறார். ஒரு பக்கத்தில் கடுகு ஏழாவது சொல், எண்ணெய் எட்டாவது சொல். இன்னொரு பக்கத்தில் கடுகு ஏழாவது சொல், எண்ணெய் நாற்பதாவது சொல். இரண்டு பக்கத்திலும் இரண்டு சொல்லும் உண்டு. ஆனால் முதற்பக்கம்தான் கடுகு எண்ணெயைப் பற்றியது. இரண்டாவது, யாரோ போட்ட மாதச் சாமான் பட்டியலாக இருக்கலாம். ஆகையால் பக்க எண்ணோடு, அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். 1998இல் கூகுள் இதோடு எழுத்தின் அளவையும் குறித்துக்கொண்டது. பெரிய எழுத்தில் போட்ட சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை?

ஒருவர் 'அதிமதுரம் விலை' என்று தேடுகிறார். விலை என்ற சொல் கோடிக்கணக்கான பக்கங்களில் இருக்கும். அதிமதுரம் சில பக்கங்களில்தான் இருக்கும். இதில் எந்தச் சொல் வழிகாட்டும்? அரிதான சொல்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1972இல் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார். எத்தனைக்கு எத்தனை அதிகப் பக்கங்களில் ஒரு சொல் வருகிறதோ, அத்தனைக்கு அத்தனை அதன் எடை குறைய வேண்டும் என்பது அவர் கருத்து. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கருத்து தேடும் தொழிலில் நிலைத்து நிற்கிறது.

நமக்கு இது அனுபவத்தில் தெரிந்ததே. தொலைந்துபோன பில்லைத் தேடும்போது, "சர்க்கரை வாங்கினார்" என்று சொன்னால் பயனில்லை. சர்க்கரை எல்லோரும் வாங்குவது. "கசகசாவும் சாதிபத்திரியும் வாங்கினார்" என்றால் பில் கைக்கு வந்துவிடும்.

இதோடு இன்னொரு எடையும் உண்டு. ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டிக்காட்டுகிறார்கள், சுட்டிக்காட்டுபவர்கள் எவ்வளவு மதிப்புள்ளவர்கள் என்பதையும் பேஜும் பிரினும் கணக்கில் சேர்த்தார்கள். புதிய பார்ட்டிக்குக் கடன் கொடுக்குமுன் நாம் நாலு பேரிடம் விசாரிப்போம். அந்த நாலு பேரில் நாணயமான பெரிய கடைக்காரர் ஒருவர் சொன்னால், மற்ற மூவர் சொல்லுக்கும் மேலாக அதை மதிப்போம். அதே நியாயம்தான் இங்கேயும்.

இடச் சிக்கனம்

கோடிக்கணக்கான எண்களை முழுதாக எழுதினால் இடம் கொள்ளாது. இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஒரு சொல் 50012, 50015, 50021, 50022 என்ற பக்கங்களில் வருகிறது. முதல் எண்ணை மட்டும் முழுதாக எழுதி, பிறகு 3, 6, 1 என்று இடைவெளியை மட்டும் எழுதுகிறார்கள். மேல் வரியில் உள்ளதையே திரும்ப எழுதாமல் நாம் 'டிட்டோ' போடுகிறோமே, அதைப் போன்றது. சிறிய எண்ணுக்குச் சிறிய இடம் போதும். இதில் ஓர் ஆதாயம் பாருங்கள். அடிக்கடி வரும் சொல்லுக்குக் கணக்கு நீளம். ஆனால் இடைவெளி சிறியது. ஆகவே எங்கே செலவு அதிகமோ அங்கேயே சிக்கனமும் அதிகம். கணக்கு சிறுத்தால் படிக்கும் நேரமும் குறையும்.

கிட்டங்கி பெருத்தால்

ஒரு கம்ப்யூட்டரில் கொள்ளாத பேரேட்டை என்ன செய்வது? பிரித்து வைக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதில் இரண்டு வழி உண்டு. 'அ'வில் தொடங்கும் சொற்கள் ஒரு கம்ப்யூட்டரில், 'க'வில் தொடங்குபவை மற்றொன்றில் என்று சொல்வாரியாகப் பிரிக்கலாம். அப்படிச் செய்தால் இரண்டு சொல் கேட்கும்போது நீண்ட கணக்குகளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமக்க வேண்டும். அதனால் பெரிய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கவாரியாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் உள்ள பக்கங்களுக்கு மட்டும் முழுப் பேரேடு வைத்திருக்கும்.

ஐந்து கிட்டங்கி உள்ள வணிகர், ஐந்திலும் ஒரு சரக்கு இருப்புப் புத்தகம் வைத்திருப்பார். "குண்டூர் மிளகாய் எங்கே நல்லதாக இருக்கிறது?" என்று ஐந்து இடத்துக்கும் ஒரே நேரத்தில் போன் போகும். ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதில் சிறந்ததைச் சொல்வார். முதலாளி அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பார். தேடுபொறியிலும் இதே முறைதான். கூகுளின் பொறியாளர்கள் 2003இல் எழுதிய கட்டுரையில், 15,000க்கும் மேற்பட்ட சாதாரணக் கம்ப்யூட்டர்களை இவ்வாறு பயன்படுத்துவதாகக் கூறினார்கள். விலை உயர்ந்த பெரிய இயந்திரம் ஒன்றுக்குப் பதிலாக மலிவானவை பல. ஒன்று பழுதானால் அதன் நகல் வேறோர் இடத்தில் இருக்கும். இன்று தங்கள் அட்டவணையில் பல பத்தாயிரம் கோடிப் பக்கங்கள் இருப்பதாகவும், அதன் அளவு 10 கோடி ஜிகாபைட்டுக்கு மேல் என்றும் அந்த நிறுவனமே கூறுகிறது.

அன்றாட வரவு

பேரேடு எழுதி முடிப்பதற்குள் புதிய பில்கள் வந்துவிடும். ஒவ்வொரு பில்லுக்கும் பெரிய புத்தகத்தைத் திறந்து நடுவில் நுழைத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. ஆகவே புதியவற்றை முதலில் ஒரு சிறிய புத்தகத்தில் எழுதுவார்கள். தேடும்போது பெரியது, சிறியது இரண்டையும் பார்ப்பார்கள். சிறிய புத்தகங்கள் சேர்ந்த பிறகு அவற்றை ஒன்றாக்கி ஒரு புதிய பெரிய புத்தகம் எழுதுவார்கள். அழிந்த பக்கங்களை உடனே கிழிப்பதில்லை. அடித்து வைத்து, ஒன்றாக்கும்போது விட்டுவிடுவார்கள். டக் கட்டிங் என்பவர் எழுதி, பலரும் பயன்படுத்தும் லூசீன் என்ற மென்பொருள் இப்படித்தான் வேலை செய்கிறது.

கூகுளும் முன்பு பெரும்பகுதிப் பேரேட்டை இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை என்ற கணக்கில் புதுப்பித்து வந்தது. 2010இல் அந்த முறையை மாற்றி, வரவர உடனுக்குடன் ஏற்றும் முறைக்கு வந்தது.

மிளகும் மிளகாயும்

தமிழில் தேடுவதில் தனிச் சிக்கல்கள் உண்டு. நாம் மிளகு என்று மட்டும் எழுதுவதில்லை. மிளகை, மிளகின், மிளகுக்கு, மிளகில் என்றெல்லாம் எழுதுகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு போட்டால், மிளகு என்று தேடுபவருக்கு மிளகின் விலை எழுதிய பக்கம் கிடைக்காது. ஆகவே சொல்லின் வாலை நறுக்கி, வேரின் கீழ் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஆனால் அளவு தெரியாமல் நறுக்கினால் மிளகாயும் மிளகின் கணக்கில் போய் விழுந்துவிடும்! இரண்டும் காரந்தான்; அதற்காக ஒரே மூட்டையில் கட்ட முடியுமா?

எழுத்துமுறையாலும் ஒரு தொல்லை இருந்தது. தொண்ணூறுகளில் ஆளுக்கு ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தார்கள். திரையில் தமிழாகத் தெரியும். கம்ப்யூட்டரின் உள்ளே பார்த்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருக்கும். ஒருவர் அடித்த 'ஏலக்காய்' மற்றொருவர் முறைக்கு ஏலக்காயே அன்று. யூனிகோடு என்ற உலகப் பொதுமுறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டாலும், அது இங்கே பரவப் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழக அரசு 2010இல் அதை ஏற்று ஆணையிட்டது. பழைய முறையில் எழுதி, மாற்றாமல் விட்ட பக்கங்கள் இருந்தும் இல்லாதவைதான். யூனிகோடில் தமிழ்ச் சொல்லை அடித்துத் தேடுபவர் கையில் அவை அகப்படுவதில்லை.

எங்கள் கடையில் நடந்தது

இருந்தும் இல்லாதவை என்று எழுதும்போது, 1988இல் எங்கள் கடையில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. இதுவரை வெளியில் சொன்னதில்லை.

எங்கள் தகப்பனார் காலம் முதல் எங்களிடம் சரக்கு எடுத்து வந்த கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். எங்களைவிட இருபது வயது மூத்தவர். தை மாதம் பேரேட்டைப் பார்த்தபோது அவர் பெயரில் 4,200 ரூபாய் பாக்கி நின்றது. கார்டு போட்டோம். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். "தம்பி, தீபாவளிக்கு முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்தேனே. இந்தக் கல்லாவில்தான் வைத்தேன்" என்றார். நாங்கள் பேரேட்டைத் திறந்து அவர் பக்கத்தைக் காட்டினோம். வரவு எதுவும் இல்லை. "அண்ணாச்சி, கணக்கில் இல்லையே" என்றோம். கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் போய், இரண்டு வாரம் கழித்து 4,200 ரூபாயை மறுபடியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பங்குனியில் ஐந்தொகை எடுத்தபோது கணக்கு நிற்கவில்லை. வித்தியாசம் சரியாக 4,200. கணக்கப்பிள்ளை ஒன்பது நாள் உட்கார்ந்து சிட்டையை முதற்பக்கத்திலிருந்து புரட்டினார். தீபாவளிக்கு முந்தின நாள் பக்கத்தில், கூட்ட நெரிசலில் எழுதிய எழுத்தில், அந்த வரவு இருந்தது. எழுதியதும் நாங்கள்தான். கணக்கப்பிள்ளை அன்று மாலை ஊருக்குப் போய்விட்டதால் பேரேட்டில் ஏறாமல் விட்டுப்போயிருந்தது.

பணத்தை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்கே போனோம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கடை வாசல் ஏறவே இல்லை.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது பழமொழி. நாங்கள் எழுதித்தான் வைத்திருந்தோம். ஏற்றாமல் விட்டோம். தேடுகிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் தவறு அதோடு நிற்கவில்லை. பேரேட்டில் இல்லை என்றால் நடக்கவே இல்லை என்று நினைத்துவிட்டோம். அதுதான் பெரிய தவறு. சிட்டையில் அந்த ஒரு நாளை மட்டும் புரட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். தேதியைத்தான் அவரே சொன்னாரே!

தேடுபொறிக்கும் இதே எல்லை உண்டு. தேடிக் கிடைக்கவில்லை என்றால், தன் பேரேட்டில் ஏறவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அது போய்ப் பார்க்காத பக்கங்கள் உண்டு. பூட்டி வைத்தவை உண்டு. வேறு எழுத்தில் எழுதியவை உண்டு. அன்று காலையில் வந்து இன்னும் ஏறாதவையும் உண்டு.

நம் கடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. வரவு வந்த அன்றே ஏற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் பில் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். கையில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இயந்திரத்தில் தானாக ஏறாது. திருவிழா நாளில் இரட்டிப்புக் கவனம் தேவை.

2. ஒருவருக்கு ஒரே பெயர், ஒரே எழுத்து. 'முருகன் ஸ்டோர்', 'முருகன் ஸ்டோர்ஸ்', 'ஸ்ரீ முருகன்' என்று மூன்று விதமாக எழுதினால் மூன்று கணக்காகி, பாக்கி மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஓர் எண் கொடுப்பது இன்னும் நல்லது.

3. இன்டர்நெட்டில் கடையின் பெயரைப் பதிபவர்கள், விற்கும் சரக்கின் பெயர்களையும் சொற்களாக எழுதுங்கள். 'எல்லாம் கிடைக்கும்' என்று எழுதினால் எதைத் தேடுபவருக்கும் அது உதவாது. 'அதிமதுரம், சாதிபத்திரி, நாட்டு மருந்துச் சரக்கு' என்று எழுதியவர் கடையைத்தான் தேடி வருவார்கள். அரிய சொல்லுக்கு எடை அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

4. கடை இடம் மாறினாலோ, போன் எண் மாறினாலோ அங்கேயும் மாற்றுங்கள். பழைய கணக்கைப் பார்த்து வாடிக்கையாளர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றால், அடுத்த தடவை வர மாட்டார்.

5. சிட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பேரேடு வேகத்துக்கு, சிட்டை உண்மைக்கு. பேரேடு கெட்டால் சிட்டையிலிருந்து மறுபடி எழுதலாம். சிட்டை போனால் எதிலிருந்து எழுதுவது?

6. எதிரில் நிற்பவரிடம் "இல்லை" என்று சொல்லுமுன், எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

கேள்வி கேட்ட அந்த இளைஞருக்கு நன்றி. அடுத்த கூட்டத்தில் அவர் கடைக் கணக்கில் தீபாவளி வாரத்து வரவுகள் எல்லாம் ஏறிவிட்டனவா என்று நாம் கேட்போம்.

வணிகம் வளர்க! நாணயம் நிலைக்க!